பாதியில் நின்ற கை

எனக்குக் குரல் பெரிது. பிறக்கும்போதே அப்படியில்லை, ரிக் வண்டி கொடுத்தது. மீசை சரியாக முளைக்காத வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் ஏறியவன் நான். கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில் மனிதனோடு மனிதன் பேச வேண்டுமென்றால் ஒன்று கத்த வேண்டும், இல்லையென்றால் கையைக் காட்ட வேண்டும். கத்திக் கத்தி என் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. காதும் கொஞ்சம் மந்தம். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். நாங்கள் இரண்டு பேர் கல்யாண மண்டபத்தில் ரகசியம் பேசினால் அது மாப்பிள்ளை அறை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் குரலால் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் வியாபாரம் ஒருநாள் நின்றுபோனது. அன்றைக்கு மானமே போய்விட்டது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த மானம் போகாமல் இருந்திருந்தால் என் வலது கை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.

கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வலது கை தோளுக்கு மேலே போகாமல் நின்றுவிட்டது. மார்பு வரைக்கும் வரும். அதற்கு மேல் யாரோ முழங்கையைப் பிடித்துக்கொண்டதுபோல் நின்றுவிடும். தலை சீவ இடது கை. கொடியில் காயும் துண்டை எடுக்க மனைவி. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் ஒவ்வொரு பிரேக்குக்கும் பக்கத்து ஆளின் மேல் சாய்ந்து, காலையிலேயே குடித்திருக்கிறேனா என்று கேட்க வைத்திருக்கிறேன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ரிக்கில் என் வேலையே கையைத் தூக்குவதுதான்.

வண்டியில் துளைபோடுகிற டிரில்லர் லீவர்களுக்கு முன்னால் நிற்பார். அவர் கண்ணுக்குக் குழியின் ஒரு பக்கம்தான் தெரியும். எதிரே தரையில் நின்று, ராடு எனும் கனத்த இரும்புக் குழாய் மேலே போவதையும் கீழே நிற்கிற ஆட்களையும் பார்த்து அவருக்குச் சைகை கொடுப்பது மேனேஜர் வேலை. அது நான். விரலைச் சுழற்றினால், ராடைச் சுற்று. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால், இறக்கு. இரண்டு கையையும் விரித்து உதறினால், தண்ணீர் வந்துவிட்டது. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால், சோறு. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினால், நிறுத்து. இந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் கை தலையைத் தாண்டியே ஆக வேண்டும். கல்தூள் புகையில் அதற்குக் கீழே காட்டுகிற எதுவும் நிச்சயமில்லை. நிறுத்து என்று காட்ட முடியாதவனை எந்த முதலாளியும் தரையில் நிறுத்தமாட்டார். எங்கள் முதலாளி நல்ல மனிதர். "கை சரியாயிட்டு வாங்க, உங்க எடம் அப்புடியேதான் இருக்குது" என்றார். எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

கை நின்றது வட மாநிலம் ஒன்றில், ஒரு சோயா காட்டில், வெயில் ஏறிய நேரத்தில். என் கூட்டாளி ஒருவன், வெண்ணந்தூர்க்காரன், ராடு மாட்டும் இடத்தில் நின்றிருந்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே வண்டியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பாயில் தூங்கி, ஒரே குழம்பைக் குறை சொல்லியே இத்தனை வருடத்தை ஓட்டியவர்கள். மேலே தூக்கிய ராடு இரும்புக் கயிற்றிலிருந்து நழுவுவதைப் பார்த்தேன். நிறுத்து என்று காட்டக் கையைத் தூக்கினேன். கை மார்பைத் தாண்டுவதற்குள் ராடு கீழே வந்துவிட்டது. அவன் வலது காலின் மேல் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. கயிற்றின் உள்ளே இழை அறுந்திருந்தது, வெளியே பார்த்தால் தெரியாது, யார் மேலும் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு நானும் அதையேதான் சொன்னேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தவனைக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தேன். அதோடு சரி. ஊருக்கு வந்து, அவனும் வீட்டுக்கு வந்து, ஊன்றுகோலோடு நடக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் நான் போகவில்லை. வெண்ணந்தூர் என்ன வெளிநாடா? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மூச்சு முட்டும், திரும்பிவிடுவேன். அவன் போன் செய்தால் மனைவி எடுத்து, "தூங்கறாருங்க" என்பாள். பட்டப்பகலில் ஒரு மனிதன் இவ்வளவு தூங்குவானா என்று அவனும் கேட்டதில்லை.

ஈரோட்டு எலும்பு டாக்டர் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிசியோதெரபிக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. மல்லாந்து படுத்துக்கொண்டு, அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் பிடித்துத் தூக்கினால் கை காதைத் தொடும். எழுந்து நின்று நானாகத் தூக்கினால் மார்போடு சரி.

"நீங்க நடிக்கறீங்கன்னு சொல்லலைங்க. கை நெசமாவே நிக்குது" என்றார் டாக்டர். "பிசியோவை விட்டுடாதீங்க. கூடவே சேலத்துல ஒருத்தங்களைப் பாருங்க. மனசுக்கும் உடம்புக்கும் சேத்து வைத்தியம் பண்றவங்க."

"அப்ப எனக்குப் பைத்தியமுங்களா?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. என் மனைவி இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் லேபில் வேலை பார்க்கிறவள். எந்த மிஷின் பழுதானாலும் பதற்றப்படாதவள். நான் கத்தி முடிக்கும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹைட்ராலிக்குல ஆயில் ஒழுகுனா அதுக்கு ஒரு ஆளு இருக்காருன்னு போறீங்க. இதுக்கும் ஒரு ஆளு இருக்காங்கன்னா போறதுக்கு என்னுங்க?"

"வண்டி வேற, நான் வேற புள்ள."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். வண்டியா இருந்திருந்தா நீங்க எப்பவோ கொண்டுபோயி உட்டிருப்பீங்க."

போனேன்.

டாக்டர் சொன்ன அந்தப் பெண் இருந்தது சேலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். கீழே கடையைப் பார்த்துக்கொள்கிற பாய் அவருடைய அண்ணன். தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் இவர் மட்டும் மனநலம் படித்துவிட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். தான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர் என்று முதலிலேயே சொன்னார். எனக்கு அவர் அன்றும் டாக்டரம்மாதான், இன்றும் டாக்டரம்மாதான். "அவசரமில்லைண்ணா, எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லணும்னு இல்லை. கொஞ்சம் கொஞ்சமா போலாம்" என்றார்.

போர் போடுகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? எங்கள் தொழிலில் வண்டியை நிறுத்தி ஆரம்பித்தால் பேசின அடி வரைக்கும் ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டும். பாதியில் விட்டால் குழி மூடிக்கொள்ளும், ராடு மாட்டிக்கொள்ளும். நானும் அப்படியே இறக்கினேன். சோயா காட்டில் ஆரம்பித்து, ராடு, கயிறு, கால், ரத்தம், அவன் போட்ட சத்தம் எல்லாவற்றையும் கம்ப்ரசர் ஓடுகிற அளவுக் குரலில் சொன்னேன். அவர் நடுவில் இரண்டொரு தடவை கையைக் காட்டினார். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

முடித்த பிறகுதான் தெரிந்தது, கீழே கத்தரிக்கோல் சத்தம் இல்லை, பேரம் பேசுகிற சத்தம் இல்லை. கடையே அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாய் தானே ஒரு டீயை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். என் முன்னால் வைத்துவிட்டு, "அவருக்குக் கால் இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார்.

இறங்கும்போது கண்ணாடி முன்னால் தோளில் ஒரு சேலையைப் போட்டுக்கொண்டு நின்ற அம்மா, நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பஸ் ஏறும்வரை நான் தலை நிமிரவில்லை. அன்றும் மறுநாளும் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது, சோறு இறங்கவில்லை. கை முன்பைவிடக் கீழேயே நின்றது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மனைவி டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் பேச வேண்டும் என்றார். "தப்பு என் மேலதாண்ணா. அன்னிக்கு நான்தான் உங்களை நிறுத்தியிருக்கணும். இன்னொரு தடவை வாங்க, இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்." தப்பை இவ்வளவு சாதாரணமாகத் தன் மேல் போட்டுக்கொள்கிற ஒருவரைப் பார்த்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் திரும்பப் போனேன்.

அதன் பிறகு நடந்ததை வைத்தியம் என்று சொல்ல முதலில் எனக்கு வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கால் தரையில் படுகிறதா என்று பார்க்கச் சொன்னார். நாற்காலி முதுகைத் தாங்குகிறதா என்று கேட்டார். "காலைத் தரையில வெக்கறதுக்கா திருச்செங்கோட்டுல இருந்து பஸ் ஏறி வாரேன்?" என்றேன். "வீட்டுல வெச்சா நான் பாக்க முடியாதேண்ணா" என்று சிரித்தார். ராடு என்ற சொல் வரும்போதெல்லாம் என் மூச்சு நின்றுவிடுகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக மூச்சு விடுகிறவன், அது நிற்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சில நாள் வெறும் பேச்சு: வீடு, வண்டி, முதலாளி, மனைவியின் வெங்காயம். பேச்சு சோயா காட்டுப் பக்கம் போய் உடம்பு நடுங்க ஆரம்பித்தால் அதை அடக்கச் சொல்லமாட்டார், தோண்டவும் விடமாட்டார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடையில் தொங்குகிற சேலைகளின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார். நடுக்கம் தானாக வடியும். பிறகு திரும்ப அந்தப் பக்கம் கொஞ்சம் போவோம், திரும்ப வருவோம். என் எதிரிலேயே எலும்பு டாக்டருக்கும் பிசியோ பெண்ணுக்கும் போன் செய்து பேசுவார். "மூணு பேரும் ஒரே கையைத்தாண்ணா பாக்கறோம், ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எப்படி" என்பார். மனம் தனி, உடம்பு தனி என்று அவர் பிரித்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆனாலும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் ஏறும். ஏறினதும் கீழே கடை ஞாபகம் வரும், சேலையோடு நின்ற அம்மா ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன். இது ஒவ்வொரு வாரமும் நடந்தது.

ஒருநாள் அவர் கேட்டார்: "கம்ப்ரசர் ஓடும்போது நீங்கள்லாம் எப்படிண்ணா பேசுவீங்க?"

"கையிலதானுங்க."

"அப்ப கையிலயே சொல்லுங்க. சத்தமே வேண்டாம். காலையில இருந்து, மெதுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்து நின்றேன். காலையில் டீ குடித்ததைக் காட்டினேன். என் கூட்டாளி பல் விளக்காமல் வந்ததைக் காட்டினேன், அவர் சிரித்தார். வண்டியை நிறுத்தினது, சுற்று, இறக்கு, இன்னும் இறக்கு. கைக்கு வாய் மாதிரி கூச்சமில்லை. போகிற போக்கில் சொல்லிக்கொண்டே போனது. ராடு மேலே ஏறியது. கயிற்றிலிருந்து நழுவியது.

"இப்ப காட்டறது என்ன சைகைண்ணா?"

எதைக் கேட்கிறார் என்று புரியாமல் குனிந்து பார்த்தேன். என் வலது முஷ்டி மார்புக்கு நேராக மடங்கி நின்றிருந்தது. நான் தூக்கியதே எனக்குத் தெரியாது.

"நிறுத்துன்னு அர்த்தமுங்க."

"முழுசாவா?"

"இல்லீங்க. தலைக்கு மேல போகோணும்."

"அன்னிக்கு எது வரைக்கும் போச்சு?"

முஷ்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இது வரைக்குந்தானுங்க" என்றேன்.

அழுதேன். என் வாழ்க்கையில் நான் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். கீழே பேரம் நடந்துகொண்டே இருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை, நானாக முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "உங்க கை கெட்டுப்போகலைண்ணா. அந்த வேலையை முடிக்க முடியாம அங்கயே நின்னுட்டிருக்கு" என்றார். "தூக்காதீங்க. மேல போகணும்னு அதுக்குத் தோணுதான்னு மட்டும் பாருங்க." பார்த்தேன். தோளில் சூடு ஏறியது, நடுக்கம் விரல் வரைக்கும் ஓடியது. முஷ்டி ஒரு விரற்கடை உயர்ந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு அது போதும் என்று நிறுத்திவிட்டார். முதல் நாள் நிறுத்தாததற்கும் சேர்த்து நிறுத்தினார் போலிருக்கிறது.

அது மந்திரம் இல்லை. பிசியோவின் பயிற்சி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சில வாரம் ஏறியது, சில வாரம் இறங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் கை மோவாய்க்கு வந்து, பிறகு காதுக்கு வந்தது. தலையை வலது கையால் சீவிக்கொண்ட காலையில் மனைவி கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று, பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வெங்காயம் இல்லாத சமையலுக்கும் அவள் கண் சிவந்திருந்தது. நடிக்கிறாய் என்று சொல்லாத டாக்டருக்கும், டீ கொண்டுவந்த பாய்க்கும், பதற்றப்படாமல் என்னைப் பிடித்துத் தள்ளிய இவளுக்கும், ஒரு கையின் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட டாக்டரம்மாவுக்கும் நான் நன்றி சொன்னதைவிடக் கத்தியதுதான் அதிகம். இப்போது இங்கே சொல்கிறேன். மனம் நிறைந்து சொல்கிறேன்.

ஆனால் கை காதோடு நின்றுவிட்டது. நிறுத்து என்று காட்ட அது போதாது. "மீதி எப்பங்க?" என்று கேட்டேன்.

"மீதி இந்த ரூம்ல இருக்கறதா எனக்குத் தோணலைண்ணா" என்றார். "வெண்ணந்தூர்ல இருக்கலாம். போகணும்னு நான் சொல்லலை. உங்களுக்குத் தோணும்போது."

கோபத்தில் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைப் பஸ் தரையில் அழுத்திக்கொண்டே போனேன். மூச்சு முட்டியது, ஆனால் நிற்கவில்லை.

வீட்டில் அவன் இல்லை. ஆடு மேய்க்கக் காட்டுக்குப் போயிருப்பதாக அவன் மனைவி சொன்னாள். கால் இப்படியான பிறகு மேச்சேரி ஆடு கொஞ்சம் வாங்கி விட்டிருக்கிறான். என் மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட, நான் மட்டும் நடந்தேன். பக்கத்துக் காட்டில் ஒரு ரிக் ஓடிக்கொண்டிருந்தது. என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண் நிற ஆடுகளுக்கு நடுவில் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். கம்ப்ரசர் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனான். சாப்பிட்டாயா என்று கேட்கிறான். இத்தனை மாதம் கழித்து முதல் கேள்வி.

வரும் வழியில் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீண். எனவே கையால் சொன்னேன். முஷ்டியை மார்புக்கு நேராகக் காட்டினேன், அதற்கு மேல் போகவில்லை என்று தலையை ஆட்டினேன், கும்பிட்டேன். எங்கள் சைகைகளில் மன்னிப்புக்கு ஒன்றும் கிடையாது.

அவன் ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். ஊன்றுகோலை வேலியில் சாத்தினான். முஷ்டியைத் தன் மார்புக்கு நேராக வைத்து என்னைச் சுட்டினான். இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டான். நல்ல காலால் ஒரு எட்டுப் பின்னால் குதித்தான். உள்ளங்கையை உச்சந்தலைமேல் கொண்டுவந்து, அங்கேதான் விழுந்திருக்கும் என்று காட்டினான். பிறகு குனிந்து காலைத் தட்டினான். இது மட்டும்தான் போனது.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, புது ஆளுக்குக் காட்டுவதுபோல் எல்லாவற்றையும் முதலில் இருந்து மெதுவாகக் காட்டினான். அதற்குள் அங்கே அடுத்த ராடு மாட்டக் கம்ப்ரசரைக் குறைத்தார்கள். திடீரென்று வந்த அமைதியில் அவன் குரல் மட்டும் பழைய அளவிலேயே வந்தது.

"பாதிக் கைதான்டா தெரிஞ்சுது. எனக்கு அது போதும். நீ காட்டலீன்னா தலையே போயிருக்கும். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். அதைச் சொல்லலாம்னு போன் பண்ணுனா, எப்பப் பாரு தூங்கறாருன்னு சொல்றாங்க."

நான் பதில் சொல்வதற்குள் கம்ப்ரசர் மறுபடி ஏறிவிட்டது. அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து என் பக்கம் நடக்க ஆரம்பித்தான். என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. முஷ்டி மடங்கியது. மார்பைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைக்கு மேலே போய் நின்றது. அவன் வைத்த காலை அப்படியே வைத்து, இருந்த இடத்தில் நின்றான். இத்தனை வருடப் பழக்கம்.

கையை இறக்க எனக்கு மனமே வரவில்லை. கண்ணீர் வழிய, கையைத் தூக்கியபடி நின்றுகொண்டே இருந்தேன். அவனும் நகராமல் நின்றுகொண்டே இருந்தான். ஆடுகள் அவனைத் தாண்டி அடுத்தவர் காட்டுக்குள் போக ஆரம்பித்தன. கடைசியில் அவன்தான் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். இறக்கு. பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனான்.